ஆணி பிடுங்கிய பலகை

மார்கழி, தை மாதக் காலைகளில் அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். பாட்டிலை வெயிலில் வைத்தோ வெந்நீரில் நிறுத்தியோ உருக்கினால்தான் தலைக்குத் தேய்க்கலாம். அதே வீட்டில், அதே காலையில், அடுப்படியில் இருக்கும் கடலை எண்ணெய் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இரண்டும் எண்ணெய்தான். ஒன்று 24, 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் கட்டியாகிறது. மற்றொன்றை உறைய வைக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும்.

வேறுபாடு மூலக்கூறுகளின் வடிவத்தில் இருக்கிறது. எண்ணெய், நெய், கொழுப்பு எல்லாவற்றிலும் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீளமான வால்கள் உண்டு. இவைதான் கொழுப்பு அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் இந்த வால்களில் மிகப் பெரும்பாலானவை நேரானவை. நேரான வால்கள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும்; கொஞ்சம் குளிர் வந்தாலும் அசைவு நின்று இறுகிவிடும். இவற்றை நிறைவுற்ற கொழுப்பு என்கிறோம். கடலை எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நடுவில் ஒன்றோ இரண்டோ இரட்டைப் பிணைப்பு விழுந்து வளைந்தவை. வளைந்தவை நெருங்கிப் படியாது. ஆகவே குளிரிலும் நழுவிக்கொண்டே இருக்கும். இவை நிறைவுறாக் கொழுப்பு.

உறைவதா, ஓடுவதா என்ற இந்தச் சிக்கல் நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் உண்டு. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் இதே கொழுப்பு வால்களால் ஆனதுதான். அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். 2 லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் வரும். இவ்வளவு மெல்லிய ஒன்றிடம் இரண்டு முரணான வேலைகளை எதிர்பார்க்கிறோம். அது திரவமாக இருக்க வேண்டும். அதில் பதிந்திருக்கும் புரதங்கள் இடம் மாற வேண்டும், செல் வளைய வேண்டும், இரண்டாகப் பிரிய வேண்டும். அதே சமயம் ஒழுகவும் கூடாது; உள்ளே இருக்கும் உப்பும் சர்க்கரையும் வெளியே கசிந்தால் செல் செத்துப்போகும். 16 கார்பன் நீளமுள்ள இரண்டு நேரான வால்கள் கொண்ட சவ்வுக் கொழுப்பு 41 டிகிரியில்தான் உருகும். நம் உடல் வெப்பமோ 37. அது மட்டும் இருந்தால் நம் சவ்வுகள் உறைந்த தேங்காய் எண்ணெய்தான். வளைந்த வால்களை மட்டும் வைத்தால் ஓடும், ஆனால் இடைவெளிகள் வழியே கசியும்.

குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் வெப்பநிலைக்கு ஏற்ப நேரான வால், வளைந்த வால் விகிதத்தை மாற்றிச் சமாளிக்கின்றன. விலங்குகள் அதோடு நிற்கவில்லை. இடையில் இன்னொரு மூலக்கூறைச் சொருகின. அதன் பெயரைக் கேட்டால் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வயிற்றைப் பிசையும். கொலஸ்ட்ரால்.

பரிசோதனைக் கூடத்து அறிக்கையில் நாம் பார்க்கும் எண், ரத்தத்தில் போக்குவரத்தில் இருக்கும் சரக்கின் அளவு மட்டுமே. உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் மிகப் பெரும் பங்கு ரத்தத்தில் இல்லை, சவ்வுகளில் இருக்கிறது. நம் செல்களின் வெளிச்சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறுகளில் பத்துக்கு மூன்று, நான்கு கொலஸ்ட்ரால்தான். மூளை உடல் எடையில் 2 சதவீதம். உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. நரம்பிழைகளைச் சுற்றிச் சவ்வு பல சுற்றுகளாக உறைபோல் படிந்திருப்பதே இதற்குக் காரணம்.

சவ்வைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிப் பேச முடிகிறது? 1925-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் எவர்ட் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிரெண்டலும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பாலூட்டிகளின் முதிர்ந்த ரத்தச் சிவப்பணுவுக்கு உள்ளே வேறு சவ்வுகள் கிடையாது, வெளிச்சவ்வு ஒன்றுதான். பல விலங்குகளின் சிவப்பணுக்களை எடுத்து, அசிட்டோன் ஊற்றி, கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அதைத் தட்டில் இருந்த நீரின்மேல் பரப்பினார்கள். கொழுப்பு ஒற்றை மூலக்கூறு தடிமனுக்குப் படர்ந்தது. அந்தப் பரப்பை அளந்தபோது, அணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வு இரண்டு அடுக்கு. நீரை விரும்பும் தலைகள் வெளிப்பக்கம், நீரை வெறுக்கும் வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி. இதைத்தான் கொழுப்பு ஈரடுக்கு என்கிறோம். பின்னாளில் இந்தச் சோதனையை அலசியவர்கள் இரண்டு பிழைகளைக் கண்டார்கள். அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் கரைத்தெடுக்கவில்லை. உலர்ந்த அணுக்களை வைத்துக் கணக்கிட்டதால் மேற்பரப்பும் குறைவாக வந்திருந்தது. இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சரியான விடையைத் தந்துவிட்டன. அறிவியலில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சவ்வு திரவம்தான் என்பதற்கான நேரடிச் சான்றுக்கு 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் ஒரு சுண்டெலிச் செல்லையும் ஒரு மனிதச் செல்லையும் ஒட்டி ஒரே செல்லாக்கினார்கள். ஒன்றின் புரதங்களுக்குப் பச்சை ஒளி, மற்றொன்றின் புரதங்களுக்குச் சிவப்பு. முதலில் பாதிச் செல் பச்சையாகவும் பாதி சிவப்பாகவும் இருந்தது. 37 டிகிரியில் 40 நிமிடத்தில் இரண்டு நிறமும் செல் முழுவதும் கலந்துவிட்டன. 15 டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால் கலப்பது நின்றுபோனது.

கொலஸ்ட்ரால் இதில் என்ன செய்கிறது என்பதற்கான முதல் துப்பும் 1925-இல்தான் கிடைத்தது. ஆங்கிலேய உடலியலாளர் ஜான் லீத்ஸ், சவ்வுக் கொழுப்பான லெசித்தினையும் கொலஸ்ட்ராலையும் கலந்து நீரின்மேல் பரப்பினார். இரண்டும் தனித்தனியே பிடிக்கும் இடத்தைக் கூட்டினால் வரும் பரப்பைவிட, கலந்தபோது பிடித்த இடம் குறைவாக இருந்தது. கொலஸ்ட்ரால் பக்கத்து வால்களை நெருங்கி நிற்க வைக்கிறது. அப்படி நெருக்கினாலும் அவற்றை உறையவிடுவதில்லை. நேரான வால்கள் அணிவகுத்து இறுகப் பார்க்கும்போது இடையில் புகுந்து அந்த அணிவகுப்பைக் கலைக்கிறது. சூட்டில் ஆட்டத்தை அடக்கும், குளிரில் உறைவதைத் தடுக்கும். விளைவாக, வால்கள் நிமிர்ந்து நெருங்கியிருந்தும் மூலக்கூறுகள் பக்கவாட்டில் நழுவக்கூடிய ஒரு நடு நிலை உருவாகிறது. ஒழுங்குத் திரவ நிலை என்று இதைச் சொல்லலாம். கசிவு குறையும், ஓட்டம் நிற்காது. செல்லுக்கு வேண்டியது அதுதான்.

இந்த வேலையை வேறு ஏதாவது கொழுப்பு செய்யக்கூடாதா? ஏன் இந்த மூலக்கூறு, அதுவும் இதே வடிவத்தில்? இப்படிக் கேட்டவர் கொன்ராட் ப்ளாக். கொலஸ்ட்ரால் எப்படி உருவாகிறது என்பதைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய பிறகு, அது ஏன் உருவாகிறது என்ற கேள்விக்குத் திரும்பியவர்.

ப்ளாக் 1912-இல் ஜெர்மனியின் நைசே நகரில் (இன்று போலந்தில் உள்ள நிசா) யூதக் குடும்பத்தில் பிறந்தார். மியூனிக்கில் வேதியியல் படித்து முடித்த 1934-இல் ஜெர்மனியில் அவருக்கு எதிர்காலம் இல்லை என்றாகிவிட்டது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலை நகரில், காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. காசநோய்க் கிருமியின் கொழுப்புகளை ஆராய்வது வேலை. அந்தக் கிருமியில் கொலஸ்ட்ரால் இருப்பதாக அப்போது ஒரு கூற்று இருந்தது. இல்லை என்று ப்ளாக் கண்டார். 22, 23 வயதுப் பையனின் இந்தச் சிறு கண்டுபிடிப்பு நாற்பது ஆண்டு கழித்து வேறொரு பொருளோடு அவரிடம் திரும்பி வரும்.

அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனதும் ஒரு கதை. யேல் பல்கலைக்கழகத்திலிருந்து நியமனக் கடிதம் வந்தது. கூடவே, சம்பளம் தரப் பணமில்லை என்று இன்னொரு கடிதமும் வந்தது. விசா கேட்டபோது முதல் கடிதத்தைக் காட்டினால் போதுமானதாக இருந்தது. 1936-இல் அமெரிக்கா சேர்ந்தார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, ருடால்ஃப் ஷோன்ஹைமரின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். ஷோன்ஹைமரும் ஜெர்மனியை விட்டு வந்த யூதர்தான்.

அந்தக் குழுவின் கையில் ஒரு புதிய கருவி இருந்தது. கன ஹைட்ரஜன் எனப்படும் டியூட்டிரியம். சாதாரண ஹைட்ரஜன் அணுவைப்போல இரு மடங்கு எடை. ஆனால் வேதி வினைகளில் கிட்டத்தட்ட அதேபோல நடந்துகொள்ளும். அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் யூரேயும் கொலம்பியாவில்தான் இருந்தார். ஓர் உணவுப் பொருளில் இந்தக் கன அணுவைப் பொருத்தி விலங்குக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் உடலில் எந்தப் பொருளில் அந்த எடை தட்டுப்படுகிறது என்று தேடலாம். உடலின் உள்ளே எது எதுவாக மாறுகிறது என்று உயிருள்ள விலங்கிலேயே பின்தொடர முடிந்தது அப்போதுதான். கன நீரைக் குடித்த சுண்டெலிகளின் கொலஸ்ட்ராலில் கன ஹைட்ரஜன் ஏராளமாக ஏறியிருந்ததை 1937-இல் ஷோன்ஹைமரும் அவர் குழுவைச் சேர்ந்த ரிட்டன்பெர்க்கும் கண்டார்கள். அப்படியென்றால் உடல் கொலஸ்ட்ராலைச் சின்னஞ்சிறு துண்டுகளிலிருந்து கட்டுகிறது.

எந்தத் துண்டு? 1941-இல் ஷோன்ஹைமர் தற்கொலை செய்துகொண்டார். குழுவினர் பணிகளைப் பிரித்துக்கொண்டபோது கொழுப்புகள் ப்ளாக் பக்கம் வந்தன. 1942-இல் அவரும் ரிட்டன்பெர்க்கும் அடையாளமிட்ட அசிட்டேட்டை எலிகளுக்குக் கொடுத்தார்கள். அசிட்டேட் என்பது காடியில் இருக்கும் அமிலத்தின் உப்பு. அதில் இரண்டே கார்பன். கொலஸ்ட்ராலிலோ 27 கார்பன், நான்கு வளையங்கள், ஒரு வால். கொடுத்த அடையாளம் அப்படியே கொலஸ்ட்ராலில் வந்து நின்றது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில், பெரும்பாலும் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு, ப்ளாக்கும் லண்டனில் கார்ன்ஃபோர்த், போப்யாக் ஆகியோரும் 27 கார்பன்களுக்கும் கணக்குச் சொன்னார்கள். 15 கார்பன் அசிட்டேட்டின் ஒரு முனையிலிருந்து, 12 கார்பன் மறுமுனையிலிருந்து. வேறெங்கிருந்தும் ஒன்றுகூட இல்லை.

இரண்டு கார்பனுக்கும் 27 கார்பனுக்கும் இடையே 30-க்கும் மேற்பட்ட படிகள். நடுவழியில் முக்கியமான ஒன்று ஸ்குவாலீன். சுறாவின் ஈரல் எண்ணெயில் ஏராளமாக இருக்கும் 30 கார்பன் சங்கிலி. சுறாவிடமே கேட்டுவிடலாம் என்று ப்ளாக் பெர்முடா தீவின் கடல் ஆய்வு நிலையத்துக்குப் போனார். கைக்கு அடங்கும் அளவுச் சுறாக்கள் பிடிபடவில்லை. எண்ணெய் ஊறிய ஈரலைச் சோதனைக்கு வேண்டிய மெல்லிய வில்லைகளாக வெட்டவும் முடியவில்லை. நோபல் உரையில் அவரே இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் பணியாற்றிய சிகாகோவுக்குத் திரும்பி எலிகளிடமே வேலையை முடித்தார். அசிட்டேட் ஸ்குவாலீன் ஆகிறது, ஸ்குவாலீன் கொலஸ்ட்ரால் ஆகிறது என்று 1953-இல் தெரிந்தது. அதே ஆண்டு வேதியியலாளர் ராபர்ட் உட்வர்டோடு சேர்ந்து, நீளமான அந்தச் சங்கிலி எப்படி மடிந்து நான்கு வளையங்களாகிறது என்பதற்கும் ஒரு திட்டம் சொன்னார். மடிந்தவுடன் கிடைப்பது லானோஸ்டெரால். ஆட்டு ரோமத்தின் மெழுகில் ஏற்கெனவே அறிமுகமான பொருள். 1964-இல் மியூனிக்கின் ஃபியோடர் லைனனுடன் ப்ளாக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டேட்டின் மாத்திரை இந்தப் பாதையின் தொடக்கப் படி ஒன்றைத்தான் மறிக்கிறது.

பெரும்பாலானோர் இத்துடன் திருப்தியடைந்திருப்பார்கள். ப்ளாக்குக்கு ஒரு விஷயம் உறுத்தியது. லானோஸ்டெராலில் நான்கு வளையங்களும் தயார். நீரைத் தொடும் முனையும் இருக்கிறது. பார்வைக்குக் கிட்டத்தட்ட கொலஸ்ட்ரால்தான். இதிலேயே நிறுத்தியிருக்கலாம். செல்லோ அதிலிருந்து மேலும் 19 படிகள் ஏறுகிறது. முக்கியமாக மூன்று மீத்தைல் தொகுதிகளை, அதாவது வளையங்களின்மேல் ஒட்டியிருக்கும் மூன்று ஒற்றைக் கார்பன் துண்டுகளை, ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. ஒவ்வொன்றையும் கழற்ற மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகின்றன. ஸ்குவாலீனில் முதல் ஆக்சிஜனை ஏற்றுவது முதல் கடைசிவரை கணக்குப் பார்த்தால் ஒரு கொலஸ்ட்ராலுக்கு 11 ஆக்சிஜன் மூலக்கூறுகள். உயிரினங்கள் காரணமில்லாமல் இவ்வளவு செலவு செய்வதில்லை.

கழற்றப்படும் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் பதில் தெரியத் தொடங்குகிறது. கொலஸ்ட்ராலின் வளையங்கள் ஒன்றோடொன்று இணைந்து விறைப்பான தட்டாக நிற்கின்றன. அதன் ஒரு பக்கம் மழமழப்பாக, எதுவும் நீட்டிக்கொண்டிராமல் இருக்கும். கொழுப்பு வால்கள் அந்தப் பக்கத்தில்தான் நெருங்கிப் படிகின்றன. லானோஸ்டெராலில் இதே பக்கத்தில் மீத்தைல்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பழைய கதவிலிருந்து எடுத்த பலகையைத் தச்சர் மீண்டும் பயன்படுத்தும்போது, முதலில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைப் பிடுங்குவார். ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டு பலகைகள் ஒட்டி உட்காராது; இடையில் சந்து விழும். செல் 19 படிகளில் செய்வதும் ஆணி பிடுங்கும் வேலைதான் என்பது ப்ளாக்கின் ஊகம்.

அழகான ஊகங்கள் நிறைய உண்டு. இதைச் சோதித்த விதம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

முதலில் செயற்கைச் சவ்வு. லெசித்தினைக் கொண்டு நுண்ணிய குமிழிகள் செய்து, ஒரு தொகுதியில் கொலஸ்ட்ராலையும் மற்றொன்றில் லானோஸ்டெராலையும் கலந்தார்கள். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்ற முறையால் ஒரு மூலக்கூறின் எந்தப் பகுதி எவ்வளவு தாராளமாக ஆடுகிறது என்று அளக்கலாம். 1977-இல் வெளியான முடிவு இது: கொலஸ்ட்ரால் சவ்வுக்குள் அசையாமல் அமர்ந்து பக்கத்து வால்களையும் அடக்குகிறது. லானோஸ்டெரால் தானும் ஆடுகிறது, வால்களையும் ஆட விடுகிறது.

குமிழி உயிரில்லாதது. உயிருள்ள செல்லில் இதைப் பார்க்க வேண்டுமானால், கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ளாத, ஆனால் அது இல்லாமல் வாழ முடியாத ஒன்று வேண்டும். அப்படியொன்று ஆடுகளைத் தாக்கும் மைக்கோப்ளாஸ்மா கேப்ரிகோலம் என்ற கிருமி. மைக்கோப்ளாஸ்மாக்கள் மிகச் சிறிய செல்கள். மற்ற பாக்டீரியாக்களுக்கு இருக்கும் செல் சுவர்கூட இவற்றுக்குக் கிடையாது. சவ்வு ஒன்றுதான் காப்பு. கொலஸ்ட்ராலை விலங்கிடமிருந்து எடுத்துக்கொள்ளும். சார்லஸ் டால், ஜீன் டால் என்ற இருவருடன் ப்ளாக், இந்தக் கிருமிக்கு ஊட்டும் ஸ்டெராலைத் தாங்களே முடிவு செய்யும்படி வளர்ப்புக் கரைசலை அமைத்தார். ஸ்டெரால் என்பது கொலஸ்ட்ரால், லானோஸ்டெரால் உள்ளிட்ட இந்தக் குடும்பம் முழுவதற்குமான பெயர். லானோஸ்டெரால் மட்டும் கிடைத்தபோது கிருமி மந்தமாக வளர்ந்தது. மீத்தைல்கள் குறையக் குறைய வளர்ச்சி ஏறியது. கொலஸ்ட்ராலில் உச்சம். சவ்வின் இறுக்கத்தை அளந்தபோது அதுவும் இதே வரிசையில் ஏறியது. செல்லுக்குள் பாதை எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் பயனும் கூடிக்கொண்டே போயிற்று. 1980-இல் இதை வெளியிட்டார்கள்.

இங்கிருந்துதான் ப்ளாக் பெரிய தாவல் ஒன்றைத் தாவினார். இன்று செல்லுக்குள் சில நிமிடங்களில் நடந்து முடியும் இந்தப் படிகள், பரிணாமத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை என்றார். ஒரு காலத்தில் லானோஸ்டெராலே கடைசிப் பொருளாக இருந்திருக்கும். பழைய செல்கள் அதையே சவ்வில் வைத்து வாழ்ந்திருக்கும். ஓர் ஆணியைப் பிடுங்கக் கற்ற செல் கொஞ்சம் மேலான சவ்வு பெற்றுப் பிழைத்திருக்கும். பிறகு அடுத்த ஆணி. இன்று இடைப்பொருள் என்று நாம் அழைப்பவை அன்றைய இறுதிப் பொருள்கள்.

டாவோஸில் கண்டது இப்போது பொருள் கொண்டது. பெரும்பாலான பாக்டீரியாக்களில் ஸ்டெராலே கிடையாது. ஆக்சிஜன் இல்லாமல் ஸ்டெரால் செய்ய முடியாது. லானோஸ்டெராலின் ஆக்சிஜன் அணு நீரிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்து வருகிறது என்பதை ப்ளாக்கின் ஆய்வகமே 1950களில் அடையாளமிட்ட ஆக்சிஜனைக் கொண்டு காட்டியிருந்தது. பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்கு முந்தைய வாழ்வுக்குப் பழகிய பாக்டீரியாக்கள் பல, அதே ஸ்குவாலீனை ஆக்சிஜன் இல்லாமலே மடித்து ஹோப்பனாய்டு என்ற வேறு வளையக் கொழுப்புகளைச் செய்து சவ்வில் வைத்துக்கொள்கின்றன. மெத்தைலோகாக்கஸ் கேப்சுலேட்டஸ் என்ற பாக்டீரியம் அரிதான விதிவிலக்கு. அது ஸ்டெரால் செய்கிறது. ஆனால் மீத்தைல்களில் சிலவற்றைக் கழற்றிவிட்டுப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ப்ளாக்குக்கு இது உயிருள்ள சாட்சி.

எல்லாம் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தினால் சந்தேகப்பட வேண்டும். ப்ளாக்கின் ஆய்வகமே அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது. லானோஸ்டெராலை நிறையக் கொடுத்து அதோடு துளி கொலஸ்ட்ராலையும் சேர்த்தால் அந்த ஆட்டுக் கிருமி நன்றாகவே வளர்ந்தது. துளி கொலஸ்ட்ராலால் சவ்வு முழுவதையும் இறுக்க முடியாது. ஆக, கொலஸ்ட்ராலுக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது; குறிப்பிட்ட சில புரதங்களோடு மிகச் சிறிய அளவில் செய்யும் வேலை. அந்த வேலைக்கும் மழமழப்பான பக்கம் தேவைப்பட்டிருந்தால், பரிணாமம் ஆணி பிடுங்கியது எதற்காக என்று பிரித்துச் சொல்வது கடினம். இதை மறைக்காமல் வெளியிட்டதைத்தான் நான் ப்ளாக்கின் பெருமையாகப் பார்க்கிறேன்.

மனிதரிலும் இதே முடிச்சு உண்டு. ஸ்மித், லெம்லி, ஒப்பிட்ஸ் என்ற மூன்று மருத்துவர்கள் 1964-இல் விவரித்த ஒரு பிறவிக் குறைபாட்டில், பாதையின் கடைசி நொதி வேலை செய்யாது. மிச்சமிருப்பது ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. ஆணிகள் எல்லாம் போய்விட்டன. இருந்தும் குழந்தைகள் ஒட்டிய கால்விரல்கள் முதல் மூளை வளர்ச்சிக் குறைபாடு வரை பலவற்றோடு பிறக்கின்றன. இதில் எவ்வளவு சவ்வின் கோளாறு, எவ்வளவு கருவுக்குள் உறுப்புகளின் இடத்தைத் தீர்மானிக்கும் சைகைப் புரதத்தின் கோளாறு என்று எளிதில் சொல்ல முடியாது. அந்தப் புரதத்தோடு கொலஸ்ட்ரால் பிணைந்திருப்பது 1996-இல்தான் தெரிந்தது.

கொலஸ்ட்ரால் கூடினாலும் கேடுதான். கடுமையான ஈரல் நோயில் சிவப்பணுக்களின் சவ்வில் அளவுக்கு மீறிய கொலஸ்ட்ரால் ஏறினால் அவை வளையும் தன்மை இழந்து முள் முளைத்த உருவம் எடுக்கின்றன. மண்ணீரலில் சிக்கி அழிகின்றன. அதனால் ஒவ்வொரு செல்லும் கொலஸ்ட்ராலை ஓயாமல் அளக்கிறது. அளக்கும் இடம் வெளிச்சவ்வு இல்லை. செல்லுக்குள் கொழுப்பு தயாராகும் உட்சவ்வு வலையில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே சொற்பம். அங்கே அது கொழுப்பு மூலக்கூறுகளில் 5 சதவீதம் என்ற எல்லைக்குக் கீழே இறங்கினால் உற்பத்தி முடுக்கிவிடப்படும், ஏறினால் நிற்கும். இந்தக் கட்டுப்பாட்டைத் துலக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985-இல், ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை அள்ளும் வாங்கியைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பெற்றவர்கள். ஸ்டேட்டின் மாத்திரை இந்த அளவையைத்தான் ஏமாற்றுகிறது: ஈரல் செல்லில் உற்பத்தி குறையும், செல் பற்றாக்குறை என்று நினைக்கும், வெளிச்சவ்வில் வாங்கிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து இழுக்கும். ஆகவே ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடினால் வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும். சவ்வுக்கு நல்லது என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவது விவேகமில்லை. கடலை எண்ணெய்ப் பாக்கெட்டில் கொலஸ்ட்ரால் இல்லை என்று கொட்டை எழுத்தில் போடுவது வேறு விஷயம். தாவரங்கள் தங்கள் சவ்வுக்குச் சிட்டோஸ்டெரால் போன்ற வேறு ஸ்டெரால்களை வைத்திருக்கின்றன. கடலை எண்ணெயில் கணக்கில் கொள்ளும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் என்றைக்கும் இருந்ததில்லை.

ப்ளாக் 1994-இல் ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டார். வெனிஸ் நகர ஓவியங்களில் பெண்களுக்கு ஏன் பொன்னிறக் கூந்தல் என்பதில் தொடங்கி, அவர் மனம் போன போக்கில் எழுதியவை. கொலஸ்ட்ராலின் பரிணாமமும் அதில் உண்டு. லானோஸ்டெரால் காலத்து உயிர்களின் தடயம் கிடைக்கும் என்று அவர் நம்பவில்லை. அந்தச் செல்கள் எலும்போ ஓடோ இல்லாதவை. 2000-இல் அவர் இறந்தபோதும் தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் ஸ்டெரால் ஒரு பிடிவாதமான மூலக்கூறு. சேற்றில் புதைந்து பாறையானாலும் அதன் வளையங்கள் உடைவதில்லை; ஓரத்துத் துண்டுகள் மட்டும் உதிரும். 100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் பலர் தேடியிருந்தார்கள். எல்லோரும் தேடியது இன்றைய ஸ்டெரால்களின் எச்சங்களை. கிடைக்கவில்லை. ஸ்டெராலைச் செய்வது பெரும்பாலும் உட்கரு உள்ள செல்கள்தான் என்பதால், அந்தக் காலத்துக் கடல்களில் அத்தகைய செல்கள் அரிது என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் யோகன் பிராக்ஸும் ஜெர்மனியின் பெஞ்சமின் நெட்டர்ஸ்ஹைமும் ப்ளாக் சொன்னதை நம்பி வேறு வழி பிடித்தார்கள். லானோஸ்டெரால் போன்ற இடைப்பொருள்கள் பாறைக்குள் கோடானுகோடி ஆண்டுகள் கிடந்தால் என்னவாகும் என்பதை முதலில் ஆய்வகத்தில் செய்து பார்த்து, அவற்றின் அடையாளத்தைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு வட ஆஸ்திரேலியாவின் பார்னி கிரீக் பாறைகளில் அதே அடையாளத்தைத் தேடினார்கள். 164 கோடி ஆண்டு வயதுள்ள அந்தப் பாறைகளில் அது நிறைய இருந்தது. வேறு பல பழைய பாறைகளிலும் இருந்தது. அவற்றுக்குத் தொல்ஸ்டெரால்கள் என்று பெயரிட்டு 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இவை தொடர்ந்து வருகின்றன. அதற்குச் சற்று முன்பிருந்தே கொலஸ்ட்ரால் போன்ற இன்றைய ஸ்டெரால்கள் தலைகாட்டி, பின்னர் முழுதாக இடம் பிடிக்கின்றன.

லானோஸ்டெரால் வகை முதலில், கொலஸ்ட்ரால் வகை பிறகு என்ற வரிசையில் ப்ளாக் வென்றுவிட்டார் என்றே சொல்வேன். காரணத்தில் வழக்கு முடியவில்லை. ஒவ்வொரு மீத்தைலும் சவ்வின் இறுக்கத்துக்காகவே போயிற்றா, அந்த இரண்டாவது வேலைக்காகப் போயிற்றா என்பதைப் பாறை சொல்லாது. அதற்குச் செல்களைத்தான் கேட்க வேண்டும். 1980-இல் ஆட்டுக் கிருமியிடம் கேட்டதைவிடக் கூர்மையான கேள்விகளோடு.